ஆயுசு அண்ணாச்சியும் எண்ணெய் தேய்த்த படகுகளும்

எந்தப் பொருள் என்றைக்கு உயிரை விடும் என்று துல்லியமாகச் சொல்லக்கூடியவர் தென்காசியில் ஒரே ஒருவர்தான். மனிதர்களைப் பற்றி அவர் அபிப்பிராயம் சொல்வதில்லை. உள்ளே காற்று இருக்க வேண்டும், அது ஒன்றுதான் தகுதி. சைக்கிள் டியூப், லாரி டயர், கால்பந்து, ஆஸ்பத்திரிக் காற்று மெத்தை, ரப்பர் படகு என்று எதைக் கொண்டுபோய் வைத்தாலும் கட்டைவிரலால் ஓர் அழுத்து அழுத்துவார். ஒருமுறை முகர்ந்து பார்ப்பார். பிறகு ஆயுளைச் சொல்வார். அதனால் அவருக்கு ஆயுசு அண்ணாச்சி என்று பெயர். சொந்தப் பெயரைப் பல இடங்களில் விசாரித்துப் பார்த்தேன். அவருடைய கல்யாணத்துக்குப் போனவர் என்று ஒருவரைக் கண்டுபிடித்தேன். "பத்திரிகையிலயும் அண்ணாச்சின்னுதான் போட்டிருந்துச்சு" என்றார் அவர்.

குற்றாலம் போகிற சாலையில் தகரக் கூரை போட்ட பஞ்சர் கடை அவருடையது. ஒரு செய்திக்காகப் புளியங்குடி போகிற அவசரத்தில் என் பைக் அங்கேதான் உட்கார்ந்தது. டியூபை உருவி எடுத்தவர், தண்ணீர்த் தொட்டியில் முக்கக்கூட இல்லை.

"பஞ்சர் எங்க இருக்கு அண்ணாச்சி?"

"பஞ்சர் இல்ல சார். வயசு."

"ஒட்ட முடியாதா?"

"ஒட்டலாம். ஒட்டு நிக்கும், டியூப் நிக்காது. கடையநல்லூர் வரைக்கும் போவும்."

எனக்கு ரோஷம் வந்தது. வேறு கடையில் ஒட்டிக்கொண்டு கிளம்பினேன். கடையநல்லூருக்கு அரை கிலோமீட்டர் முன்னால் வண்டி நின்றது. திரும்பி வந்து அந்த அரை கிலோமீட்டர் பிழையைச் சுட்டிக்காட்டினேன். என்னை மேலும் கீழும் பார்த்தார். "நீங்க இவ்வளவு கனம்னு நான் பாக்கல சார். தப்பு எம்மேலதான்" என்றார்.

இன்னொரு முறை ஒரு கல்யாண மண்டபத்தில் சந்தித்தேன். மேடையைச் சுற்றி பலூன் வளைவு கட்டியிருந்தார்கள். முன் வரிசையில் உட்காரச் சொன்ன மாப்பிள்ளையின் அப்பாவிடம், "வேண்டாம் வே. அந்தச் செவப்பு பலூன் தாலி கட்டுத வரைக்கும் தாங்காது" என்று சொல்லிவிட்டுப் பின்வரிசைக்குப் போனார். தாலி கட்டுகிற நேரம், கெட்டிமேளத்தோடு சேர்ந்து பலூனும் வெடித்தது. மண்டபமே துள்ளி எழுந்தது. அண்ணாச்சி மட்டும் அட்சதை போட்டுக்கொண்டிருந்தார்.

இந்த வித்தை அவருக்குக் கொச்சியில் வந்தது. கப்பல்களில் உயிர்காப்புக்கு வைத்திருக்கும் ரப்பர் படகுகளைச் சோதிக்கிற ஒரு பட்டறையில் பல வருடம் வேலை பார்த்தார். சொந்த ஊர் திரும்பிய பிறகும் படகுகள் அவரை விடவில்லை. கடையின் தகரக் கூரைமேல் ஒரு நீளப் பலகை. அதில் விதவிதமான படகுத் துணித் துண்டுகளை ஆணியடித்து, பக்கத்தில் பெயின்ட்டால் தேதி எழுதியிருப்பார். மழையும் வெயிலும் அவற்றின்மேல் விழ வேண்டும். தினமும் உச்சி வெயிலில் ஏணி போட்டு ஏறி, ஒவ்வொன்றையும் அழுத்திப் பார்ப்பார். தொப்பி, துண்டு எதுவும் கிடையாது. எதிர்க் கடைக்குப் புதிதாக வந்தவர் ஒரு மாதம் வரைக்கும் அண்ணாச்சி அப்பளம் காயப் போடுவதாக நினைத்து, பொரித்துப் பார்க்க இரண்டு கேட்டிருக்கிறார்.

"ரப்பர் படகு ஓட்டையால சாவுறதில்ல சார்" என்பார். "ஓட்டைய எவனும் அடைச்சிருவான். வெயிலு கொல்லும். மடிச்ச எடத்துலயே மடிச்சா கொல்லும். பசை விட்டா அதோட சரி. வெல கொறஞ்ச பிளாஸ்டிக் துணின்னா நம்ம வெயில்ல சீக்கிரம் வெறச்சுப் போவும். ஒசந்த ரப்பர் துணி பாக்கக் கிழடா இருக்கும், ஆனா கெடக்கும்."

இதைக் கேட்க வேண்டிய ஆள் ஒருவர் இருந்தார். அவர் கேட்டது கொஞ்சம் தாமதமாகத்தான்.

அவர் காதர். சார்ஜாவில் ஒரு நீர்விளையாட்டுத் திடலில் பதினோரு வருடம் வேலை பார்த்தவர். அங்கே கழித்துக் கட்டிய மூன்று ரப்பர் படகுகளை ஊருக்கு அனுப்பிவிட்டுப் பின்னாலேயே விடுமுறையில் வந்தார். குற்றாலத்துக்குக் கீழே ஒரு தோப்புக்குள் இருந்த குளத்தைப் பேசி முடித்தார். சீசனில் படகு விடுவது திட்டம். சீசன் முடிகிறபோது, சார்ஜா திரும்ப வேண்டிய விசாவின் கெடுவும் முடியும். படகு ஓடினால் ஊரில் இருப்பார், ஓடாவிட்டால் விமானம் ஏறுவார். அவருடைய ஐந்து வயது மகள் அவரை வீடியோ அழைப்பில்தான் அதிகம் பார்த்திருக்கிறாள். அவர் வந்த முதல் வாரம், பக்கத்தில் உட்கார்ந்திருக்கிற வாப்பாவோடு பேசுவதற்குக் கையில் போனை எடுத்துக்கொண்டு வந்தாளாம்.

குளத்துக்காரர் ஒரே ஒரு நிபந்தனை போட்டார். ஆயுசு அண்ணாச்சி சரி என்று சொல்லாமல் ஓர் ஆளும் ஏறக் கூடாது. அண்ணாச்சி போனார். வேடிக்கை பார்க்க நானும் போனேன்.

மாமர நிழலில் மூன்று படகுகள். இரண்டு ஆரஞ்சு நிறம், கண்ணாடிபோல் மின்னின. மூன்றாவது சாம்பல் நிறம். நாலைந்து இடத்தில் ஒட்டுப் போட்டு, துணி துவைக்கிற கல் மாதிரி மங்கிக் கிடந்தது.

"அது கிழடு அண்ணாச்சி. சும்மா கூட வந்தது. இந்த ரெண்டும் பாருங்க, மாப்ளை மாதிரி இருக்கில்ல?" என்றார் காதர்.

அண்ணாச்சி காற்றடிக்கிற பம்பைக் கையில் வாங்கினார். அந்தக் காலையிலேயே மூன்றிலும் காற்றடித்து, ஒவ்வொன்றின் வயிற்றையும் சுற்றி ஒரு சிவப்பு நூலை இறுக்கிக் கட்டினார். சாயங்காலம் வந்து பார்ப்பதாகச் சொன்னார். சாரல் விழுந்து உள்ளே காற்று குளிர்ந்து சுருங்கினால் நூல் தானாகத் தளருமே என்று கேட்டேன். "அது எவ்வளவு தளரும்னு தெரியும் சார். அதுக்கு மேல தளந்தாத்தான் விசயம்" என்றார்.

சாயங்காலம் வந்தபோது ஆரஞ்சுப் படகுகளில் நூல் இடுப்பிலிருந்து நழுவிய வேட்டி மாதிரித் தொங்கியது. சாம்பல் படகில் காலையில் கட்டிய கட்டு அப்படியே இருந்தது. அண்ணாச்சி ஆரஞ்சுப் படகு ஒன்றின் அருகே குனிந்து முகர்ந்தார். நிமிர்ந்தார். மறுபடியும் முகர்ந்தார்.

"ஏலே காதரு, இதுல என்னத்தலே தடவுன?"

"தேங்காண்ணெ அண்ணாச்சி. வந்த நாள்லேருந்து தெனமும் ரெண்டு வேள. பளபளன்னு இருக்குல்லா?"

அண்ணாச்சி மெதுவாகத் தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"படகுக்கு எண்ணெ தேச்சு விட்டிருக்கான் சார். குத்தாலத்துக்கு வந்துருக்குன்னு."

பசை வைத்து ஒட்டிய ஓரத்தை நகத்தால் நெம்பினார். வெந்த சீனிக்கிழங்குத் தோல் மாதிரி முழு நீளத்துக்கும் உரிந்து வந்தது. "ஏற்கெனவே வெயில் தின்ன பசை. இதுல எண்ணெ வேற எறங்கிருக்கு. இனி எதுவும் ஒட்டாது. ரெண்டும் போச்சுலே."

காதர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. பையிலிருந்து போனை எடுத்தார். விமான டிக்கெட் பார்க்கிறார் என்று நினைத்தேன், அதையேதான் பார்த்தார்.

"ஏன் அந்தக் கெழடுக்கு மட்டும் தேய்க்கல?" என்றார் அண்ணாச்சி.

"அதுக்கு எதுக்கு அண்ணாச்சி எண்ணெய வீணாக்கணும்?"

"தப்பிச்சுது. அதுதாம்லே ஒசந்த ரப்பர் துணி. அது ஒண்ணு போதும், போன உள்ள வையி. நெழல்ல கட்டு. மடிக்காத. மூணு சீசன் தாங்கும். ஆனா எண்ணெயோட ஒருத்தனும் ஏறக்கூடாது."

குற்றாலத்தில் எண்ணெய் இல்லாத ஆளை எங்கே பிடிப்பது? அருவிக்கு வருகிற பாதிப் பேர் உச்சி முதல் உள்ளங்கால் வரை மசாஜ் எண்ணெயில் ஊறித்தான் நடமாடுகிறார்கள். அண்ணாச்சி அதற்கும் வழி செய்தார். அந்தச் சீசனில் சனி ஞாயிறுகளில் பஞ்சர் கடையை மூடிவிட்டுக் குளக்கரைக்கு வந்தார். பக்கத்தில் ஒரு வாளி தண்ணீர், ஒரு டப்பா சீயக்காய்த் தூள். வரிசையில் வருகிற ஒவ்வொருவரையும் முகர்ந்து பார்த்துத்தான் விட்டார்.

மதுரையிலிருந்து வந்த ஒரு பெரிய உருவம் சத்தம் போட்டது. "யோவ், படகுல ஏறணும்னா நான் சீயக்கா போட்டுக் குளிக்கணுமா?"

"நீங்க ஏறணும்னா படகு உசுரோட இருக்கணும்லா?"

"நான் குளிச்சிட்டுத்தான்யா வர்றேன்!"

"அருவில குளிச்சிருக்கீக. எண்ணெ போவல. முதுகுல நல்லெண்ணெ, காலுல வேற என்னமோ."

அந்த மனிதர் தன் மனைவியைப் பார்த்தார். "அப்பவே சொன்னேன்ல" என்றார் அந்த அம்மாள். வாளிப்பக்கம் நகர்ந்தார் அவர்.

இந்தச் சீயக்காய்ச் சோதனையே ஒரு வேடிக்கையாகிப் போனது. படகு ஏறாதவர்களும் தங்களை முகர்ந்து பார்க்கச் சொல்லி வரிசையில் நின்றார்கள். விசாவின் கெடு முடிந்த நாளன்று காதர் குளத்தில் துடுப்புப் போட்டுக்கொண்டிருந்தார். மகள் படகின் முனையில் உட்கார்ந்து, போன் இல்லாமல், இடைவிடாமல் அவரிடம் பேசிக்கொண்டிருந்தாள்.

இது நான்காவது சீசன். சாம்பல் படகு இன்னும் மிதக்கிறது. மூன்றுதானே சொன்னீர்கள் என்று அண்ணாச்சியை மடக்கினேன். "ஆறுன்னு தெரியும் சார். ஆறுன்னு சொன்னா அவன் வெயில்ல போட்டுருவான்" என்றார்.

செத்துப்போன ஆரஞ்சுப் படகுகளைக் காதர் தூக்கி எறியவில்லை. ஒன்றை வெட்டிச் சாம்பல் படகுக்குப் பந்தலாகக் கட்டினார். மற்றொன்று போன வாரம் பஞ்சர் கடைக் கூரைக்கு வந்தது. துணித் துண்டுகள் வெயிலிலேயே இருக்க, அண்ணாச்சி நிற்கிற இடத்துக்கு மட்டும் நிழல் விழுகிற மாதிரி நாலு கம்பை நிறுத்தி அதை இழுத்துக் கட்டிக்கொண்டிருந்தார் காதர். நான் கீழே பைக்கை நிறுத்திப் பார்த்தேன்.

அண்ணாச்சி பந்தலைக் கட்டைவிரலால் அழுத்தினார். முகர்ந்தார்.

"ரெண்டு வருசம் தாங்காதுலே இது."

"ரெண்டு வருசம் கழிச்சு வேற கட்டுதேன் அண்ணாச்சி. நான் இங்கனதான இருப்பேன்."

அண்ணாச்சி நிழலுக்குள் இன்னும் ஓர் அடி நகர்ந்து நின்றுகொண்டார்.