மாப்பிள்ளைச் சுவர்

வீடு எங்கே முடிகிறது, தெரு எங்கே தொடங்குகிறது என்பது சட்டம் எழுதுகிறவர்களுக்கு நன்றாகத் தெரியும். எழுதுவதற்கு முன்னால் அவர்கள், எங்கள் புதுக்கோட்டைத் தெருக்களில் விடியற்காலையில் சாணி வாளியும் விளக்குமாறுமாக நிற்கிற பெண்களை ஒரு வார்த்தை கேட்டிருக்க வேண்டும். கேட்டிருந்தால் ஆளுயரத்துக்கு எழும்பிய ஒரு முகப்புச் சுவர் இடிபட்டிருக்காது. என் கல்யாணமும் அந்தரத்தில் தொங்கியிருக்காது. ஆகவே குற்றம் என்னுடையது அல்ல என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். (என் மனைவி இதை ஒப்புக்கொள்ள மாட்டாள். இந்த விஷயத்தில் அவள் எப்போதுமே எதிர்க்கட்சி.)

யுத்தம் நடந்துகொண்டிருந்த காலம். நான் திருச்சியில் ஓவர்சியர் படிப்பை முடித்துவிட்டு ஊருக்கு வந்திருந்தேன். சர்க்கார் உத்தியோகம் என்னைத் தேடி வரும் வரை சும்மா இருப்பானேன் என்று, வீடு கட்டுகிறவர்களுக்குப் பிளான் போட்டுக் கொடுப்பதாக வாசலில் ஒரு போர்டு மாட்டினேன். ‘கட்டிட நிபுணர்’ என்று போட்டிருந்தது. நிபுணர் அதுவரை ஒரு கோழிக்கூடுகூடக் கட்டியதில்லை. ஆனால் தோல் உறை போட்ட டேப் ஒன்று வைத்திருந்தார். கோயிலுக்குப் போனாலும் அதைத் தோளில் மாட்டிக்கொண்டுதான் போவார்.

அந்த டேப்பைப் பார்த்து மயங்கிய முதல் ஆள் கருப்பையா மாமா. என் அம்மாவுக்கு ஒன்றுவிட்ட தம்பி. ஆலங்குடியில் கடலை வியாபாரம் செய்து நன்றாக முன்னுக்கு வந்தவர், புதுக்கோட்டையில் ஒரு மனை வாங்கி, கண்ணுக்கு எதிரே வேலை நடக்கட்டும் என்று அதே தெருவில் வாடகைக்குக் குடும்பத்தோடு வந்து இறங்கியிருந்தார். அவருக்கு ஒரே பெண், தெய்வானை. எனக்குத்தான் என்று வாய்ச்சொல்லாகப் பேசியிருந்தார்கள். வெற்றிலை பாக்கு இன்னும் மாற்றவில்லை.

“வெளியாளுக்கு எதுக்கு மாப்ளே கூலி குடுக்கணும்? நீங்களே பிளானைப் போடுங்க. வீட்டுக்குக் குடிபோற அன்னைக்கே கல்யாணத்தையும் முடிச்சிருவோம். ஒரே பந்தல், ஒரே சமையல்” என்றார் மாமா.

எனக்கு இரட்டிப்பு உற்சாகம். என் முதல் வீடு, என் வருங்கால மனைவியின் வீடு! தெய்வானை அந்த வாடகை வீட்டு ஜன்னலில் நின்று வேலையைப் பார்த்துக்கொண்டிருப்பாள் என்பது வேறு என் கவனத்தில் இருந்தது.

அப்போது நகரசபையில் வீடு கட்டுவதற்குப் புதிதாக விதிகள் வந்திருந்தன. தெருப்பக்கம் ஐந்தடி காலி விட வேண்டும். கொல்லைப்பக்கம் பத்தடி வானம் பார்த்த இடமாகக் கிடக்க வேண்டும். காற்றும் வெளிச்சமும் வர வேண்டும், தீப்பிடித்தால் ஆள் நுழைய இடம் வேண்டும் என்பதற்காக ஏற்பட்ட நல்ல விதிகள். மாமாவுக்கு அவை பிடிக்கவில்லை. “காசு குடுத்து வாங்குன எடத்தை எதுக்கு மாப்ளே சும்மா போடணும்? அதுல ஒரு வண்டி கடலை அடுக்கலாமே!” என்று அங்கலாய்த்தார். நான் அவருக்குச் சுகாதாரத்தைப் பற்றி ஒரு பிரசங்கம் செய்தேன். ஜன்னலுக்குக் கேட்கிற அளவு சத்தமாகவே செய்தேன்.

பிளான் நகரசபையில் ஒரே மூச்சில் பாஸாகிவிட்டது. காகிதத்தில் பிழையே இல்லை. இன்றைக்கும் சவால் விடுவேன். பிழையெல்லாம் மண்ணில்தான்.

முளை அடிக்கிற நாளன்று டேப்பின் ஒரு முனையைத் தெருவோரத்தில் வைக்க வேண்டும். தெருவோரம் எது? என் கண்ணுக்கு அது பளிச்சென்று தெரிந்தது. அடுத்த வீட்டு அங்கம்மா அக்கா தன் வாசலோடு சேர்த்து, பக்கத்தில் காலியாகக் கிடந்த மாமாவின் மனைக்கு முன்னாலும் தினமும் சாணி தெளித்து மெழுகிக் கோலம் போட்டுக்கொண்டிருந்தார். வருஷக்கணக்காக மெழுகி மெழுகி அந்த இடம் சிமெண்டுத் தரை மாதிரி மேடிட்டு இறுகியிருந்தது. அது முடிகிற இடத்தில், அறுத்து வைத்தாற்போல ஒரு கோடு. கோட்டுக்கு அப்பால் புழுதியும் வண்டித் தடமும். நான் பிறந்ததிலிருந்து எங்கள் வீட்டிலும் மெழுகியது வாசல், மெழுகாதது தெரு. இதில் யோசிக்க என்ன இருக்கிறது? அந்தக் கோட்டில் டேப்பை வைத்து உள்பக்கமாக ஐந்தடி அளந்து முளையை அடித்தேன்.

போதாக்குறைக்கு, கயிறு கட்டிப் பார்த்தால் என் முளை அக்கம்பக்கத்து வீட்டுச் சுவர்களோடு ஒரே வரிசையில் நின்றது. ‘ஆஹா, பெரியவர்கள் சட்டம் வருவதற்கு முன்பே ஐந்தடி விட்டுக் கட்டியிருக்கிறார்களே!’ என்று முன்னோர்களைக்கூட மெச்சிக்கொண்டேன்.

“சரியா இருக்கா தம்பி?” என்று கேட்டார் அங்கம்மா அக்கா.

“மயிரிழை பிசகாது அக்கா” என்றேன்.

அஸ்திவாரம் எழும்பியது. முன்கூடம் உள்ளளவு பதினேழு அடி. அது மாமியாராக வரவிருந்த அத்தையின் உத்தரவு. அத்தைக்கு நகரசபையைத் தெரியாது, மனையடி சாஸ்திரம் தெரியும். எத்தனை அடி அறையில் குடியிருந்தால் செல்வம் கொழிக்கும், எத்தனை அடியில் குடி கெடும் என்று விரல் மடக்காமல் சொல்வார். பதினேழு அடி அரசபோகம். நல்ல நாள் பார்த்து, நிலைக்குக் கதம்பம் சாத்தி, தேங்காய் உடைத்து வாசல் நிலையையும் வைத்தாகிவிட்டது. சுவர் ஆளுயரத்துக்கு வந்தபோது நகரசபை அதிகாரி சரிபார்க்க வந்தார்.

மெலிந்த மனிதர். கூடவே கடப்பாரையோடு ஒரு சேவகர். நான் டேப்பை உருவிக்கொண்டு போய், “வாருங்கள் சார், நீங்களே அளந்துகொள்ளலாம். ஐந்தடி!” என்றேன். அவர் என்னையும் பார்க்கவில்லை, டேப்பையும் பார்க்கவில்லை. கையிலிருந்த படத்தைப் பார்த்துவிட்டு, அங்கம்மா அக்காவின் கோலத்தின் மேல் போய் நின்றார்.

“இங்கிட்டு தோண்டு” என்றார் சேவகரிடம்.

அங்கம்மா அக்கா பாய்ந்து வந்தார். “யாருய்யா அது, எவன் வாசல்ல எவன் தோண்டுறது?”

“இது தெருங்க அம்மா.”

“தெருவா? எங்க மாமியா காலத்துலருந்து நாங்க மெழுகுறோம். ஒங்க முனிசிபாலிட்டி என்னைக்காவது ஒரு நா வந்து மெழுகுனுச்சா?”

அதிகாரி சேவகருக்குக் கையைக் காட்டினார். சேவகரின் கடப்பாரை ணங்கென்று ஒரு கல்லில் பட்டது. தெருவின் எல்லைக்கல். அந்தக் காலத்தில் தெருவை அளந்தவர்கள் நட்ட கல். தலைமுறை தலைமுறையாகப் பூசிய சாணத்துக்கு அடியில் சுகமாகத் தூங்கிக்கொண்டிருந்தது. அது கிடந்த இடம் என் சுவரை ஒட்டினாற்போல.

அதிகாரி நிதானமாகச் சொன்னார். “தம்பி, அஞ்சடி காலி விட்டுருக்கீங்க, வாஸ்தவம். ஆனா அந்த அஞ்சடியும் தெரு. ஒங்க மனையில ஒரு அங்குலம்கூட விடல. பழைய வீடுக எல்லாம் ரூல் வாரதுக்கு முந்தி கட்டுனது, அது தப்பிச்சுக்கிருச்சு. நீங்க இடிச்சு, அஞ்சடி உள்ள தள்ளித்தான் கட்டணும்.”

அதாவது சட்டம் கேட்ட காலியிடத்தை நான் தாராளமாகவே விட்டிருந்தேன். நகரசபையின் சொந்த நிலத்தில் விட்டிருந்தேன், அவ்வளவுதான் வித்தியாசம்.

மாமா தோளில் கிடந்த துண்டை உதறிப் போட்டுக்கொண்டார். வியாபாரிகள் துண்டை உதறினால் விபரீதம் என்று அர்த்தம். “வீட்டையே அப்படியே பின்னால் நகர்த்திவிடலாம் மாமா” என்று நான் ஆரம்பித்தேன். கொல்லையில் பத்தடி சரியாக விட்டாகிவிட்டது, அதில் கிணறு வேறு இருக்கிறது என்பது பாதிப் பேச்சில்தான் ஞாபகம் வந்தது. ஆக, பறிபோகப் போவது முன்கூடம்தான்.

அத்தை அங்கேயே கணக்குப் போட்டார். “பதினேழுல அஞ்சு போனா பன்னெண்டு. ஆத்தாடி, பன்னெண்டடியா! வெளங்காத அளவாச்சே! அந்தக் கூடத்துல எம்மக கழுத்துல தாலி ஏறவா?”

மாமா துண்டை மறுபடியும் உதறினார். “தாலி ஏறுனாத்தானே? அறந்தாங்கி ஜவுளிக்கடைக்காரன் மகனுக்குப் பொண்ணு கேட்டு ரெண்டு வாட்டி ஆள் வந்துச்சு. நாந்தான் சொந்தம் விட்டுப் போகக் கூடாதேன்னு இருந்தேன். அவனும் அளக்குறவந்தான். துணி அளக்குறான். ஒரு நாளும் தெருவுல போயி அளந்ததில்ல!”

 அதுவரை சுவரைப் பற்றித்தான் கவலைப்பட்டுக்கொண்டிருந்தேன். திரும்பி ஜன்னலைப் பார்த்தேன். தெய்வானை நின்றுகொண்டிருந்தாள். அவளை அந்த அறந்தாங்கி ஆள் கூட்டிக்கொண்டு போவதாக நினைத்துப் பார்த்தேன். அழுதுவிடுவேனோ என்று பயந்தேன். நிபுணர்கள் தெருவில் அழக்கூடாது என்பதால் அடக்கிக்கொண்டேன்.

சுவரை இடித்தார்கள். தேங்காய் உடைத்து வைத்த நிலையைக் கழற்றி ஓரமாகச் சாய்த்தார்கள். தெருவே வேடிக்கை பார்த்தது. அங்கம்மா அக்கா மட்டும், “தம்பி சரியாத்தான் அளந்துச்சு, கல்லுதான் எடம் மாறிக் கெடக்கு” என்று எனக்காகப் பரிந்து பேசினார். இன்றுவரை அந்த வாதத்தைத்தான் நானும் பிடித்துக்கொண்டிருக்கிறேன்.

அத்தையோ ஒரே பிடி. கூடம் பன்னிரண்டடி என்றால் கல்யாணமும் இல்லை, குடிபோவதும் இல்லை. “பதினோரடி?” என்று கேட்டேன். “அது நல்லது. பால்சோறு திங்கிற யோகம்” என்றார்.

அப்போதுதான் என் மூளையில் அந்த மின்னல் வெட்டியது. சொல்லும்போது இப்போதும் மார்பு விம்முகிறது. நகரசபை அளப்பது வெளியே. மனையடி சாஸ்திரம் அளப்பது உள்ளே! சுவரின் வெளிமுகம் தெருக்கல்லிலிருந்து ஐந்தடி தள்ளி நிற்கட்டும். சுவரை உள்பக்கமாக ஒரு அடி தடிமனாக்கிவிட்டால்? அதிகாரிக்கு ஐந்து, அத்தைக்குப் பதினொன்று. இரண்டு சட்டமும் ஒரே சுவரில் திருப்தி!

இதையும் ஜன்னலுக்குக் கேட்கிற அளவு சத்தமாகவே விளக்கி முடித்தேன். மாமாவின் முகம் மலர்ந்தது. “படிச்ச மூளை படிச்ச மூளைதான்யா!” என்று முதுகில் தட்டினார். அத்தை கையெடுத்துக் கும்பிட்டார். அன்று சாயங்காலமே வெற்றிலை பாக்கு மாற்றிக்கொண்டோம். அறந்தாங்கி ஜவுளிக்கடை என் வாழ்க்கையிலிருந்து ஒழிந்தது.

ஒன்றரை அடியாக இருக்க வேண்டிய சுவர் இரண்டரை அடித் தடிமனில் எழும்பியது. செங்கல் வண்டி வண்டியாக வந்தது. அந்தச் சுவர் அத்தனையையும் விழுங்கிவிட்டு இன்னும் இருக்கிறதா என்று கேட்டது. மாமா பெருமூச்சு விடுவார், ஆனால் குறை சொல்ல மாட்டார். நான் காலையும் மாலையும் போய் அதைத் தட்டிப் பார்ப்பேன். ஜன்னல் பக்கமும் பார்ப்பேன். தெய்வானை அந்தச் சுவரை ஒரு மாதிரியாகப் பார்த்துக்கொண்டிருப்பாள். என் திறமையில் சொக்கிப்போய் நிற்கிறாள் என்று நான் எடுத்துக்கொண்டேன்.

சொன்னபடியே குடிபோகிற நாளன்று அந்தக் கூடத்தில் எங்கள் கல்யாணம் நடந்தது. தாலி கட்டி முடித்தேன். பந்தியில் உட்கார்ந்திருந்த உறவுக்காரர்களுக்கு மாமா அந்தச் சுவரைக் காட்டிக்கொண்டிருந்தார். “யுத்தக் காலம் பாருங்க, குண்டே விழுந்தாலும் அசையாது. எல்லாம் நம்ம மாப்ளே யோசனை” என்றார். எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். நான் அடக்கமாகச் சிரிக்க முயன்றேன்.

என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த தெய்வானை தலையை நிமிர்த்தாமல், ஆனால் எல்லோருக்கும் கேட்கிற மாதிரி வாயைத் திறந்தாள்.

“ஏப்பா, செவுத்தை எதுக்கு ஒரு அடி தடிமனாக்குனீங்க? சாதாரணச் செவுத்தையே இன்னும் ஒரு அடி உள்ள தள்ளிக் கட்டியிருந்தா, உள்ளயும் பதினோரடிதானே வந்திருக்கும்? வெளிய ஆறடி வாசலும் கெடைச்சிருக்கும். அத்தனை செங்கல்லும் மிச்சம்.”

 மாமா சுவரைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். மறுபடியும் சுவரைப் பார்த்தார். நான் மனசுக்குள் அளந்து பார்த்தேன். பதினொன்று. மறுபடி அளந்தேன். பாழாய்ப்போன பதினொன்றுதான்.

மாமா தலையில் கையை வைத்துக்கொண்டார். “அடிப்பாவி மகளே! இது ஒனக்கு எப்பத் தெரியும்?”

“இவுக அன்னைக்கு வெளக்கமா சொன்னாகள்ல, அப்பவே தெரியும்.”

“அப்பவே சொல்றதுக்கு என்ன?”

“சொல்லியிருந்தா இவுகளை விட்டுட்டு அறந்தாங்கிக்குல்ல ஆள் அனுப்பியிருப்பீங்க” என்றாள் தெய்வானை. “அதான் தாலி ஏறட்டும்னு இருந்தேன்.”

பந்தியே சிரித்தது. அத்தைகூட முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். நான் ஒருவன்தான் சிரிக்கவில்லை. ஒரு பெண் எனக்காக ஒரு சுவருக்கு வேண்டிய செங்கல்லையே பலி கொடுத்திருக்கிறாள் என்பது உறைத்ததும், அன்று தெருவில் அடக்கி வைத்திருந்த அழுகை பந்தியில் வந்துவிட்டது. ரசத்தில் காரம் என்று சொல்லிச் சமாளித்தேன்.

அந்தச் சுவருக்கு ‘மாப்பிள்ளைச் சுவர்’ என்று பெயர் நிலைத்துவிட்டது. அதன் ஜன்னல் குழிவில் என் பிள்ளைகள் படுத்துத் தூங்கி வளர்ந்தார்கள். ‘தாலி ஏறட்டும்’ என்பது எங்கள் வீட்டுப் பேச்சாகவே ஆகிவிட்டது. யாராவது ஒரு தப்பைக் கண்டுபிடித்துவிட்டுச் சொல்லாமல் வைத்திருந்தால் அதுதான் வார்த்தை.

நான் பிற்பாடு உத்தியோகத்துக்குப் போய், ஊர் ஊராக எத்தனையோ கட்டிடங்களைக் கட்டி முடித்து ரிட்டையரும் ஆகிவிட்டேன். ஒன்றுகூட இடிபடவில்லை. போன மாதம் பேரன் வீடு கட்டுவதற்கு நானே பிளான் போட்டேன். எல்லோரும் பிரமாதம் என்றார்கள். தெய்வானை கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அதை வெகுநேரம் பார்த்தாள். பிறகு ஒன்றும் சொல்லாமல் மடித்துக் கொடுத்தாள்.

“ஏதாவது தப்பா இருக்கா?” என்று கேட்டேன்.

“அதெல்லாம் ஒண்ணுமில்லைங்க” என்றாள். “மொதல்ல அவன் குடி போகட்டும்.”