எட்டாவது துப்பாக்கியின் சீட்டு

"இனிமேல் ஒன்றுகூட வாங்கமாட்டேன்" என்று கஸ்பார் எக்லி சத்தியம் செய்தபோது, அவர் வாய் நிறைய ரொட்டியும் உருக்கிய சீஸும் இருந்தன. வாய் நிறைய வைத்துக்கொண்டு செய்த சத்தியம் செல்லாது என்று பிறகு அவரே தீர்ப்பும் சொல்லிக்கொண்டார்.

ஒப்பந்தம் இதுதான். அவர் அறைச் சுவரில் ஏழு துப்பாக்கிகள். எட்டாவது வந்தால் அந்த அறை மனைவி லீஸ்பெத்தின் யோடல் என்னும் மலைப்பாட்டுக் குழுவுக்கு. பதினான்கு பெண்கள், செவ்வாய்தோறும் ஒத்திகை.

"வீட்ல ஏழு துப்பாக்கி இருக்கு. துப்புதான் ஒண்ணுகூட இல்ல" என்றாள் லீஸ்பெத்.

ஏழும் சுவிஸ் ராணுவத்து உருப்படிகள், ஒரே குடும்பத்துப் பிள்ளைகள். மூத்தது 1889, நெட்டை. கடைக்குட்டி 1931, குட்டை. தோட்டா ஏற்றும் பிடியைத் திருக வேண்டாம். நேராக இழுத்தால் வெண்ணெயாய் வழுக்கும். செய்தவன் கையைக் கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம், அப்படி ஒரு வேலைப்பாடு!

அந்தக் கடைக்குட்டிக்குக் கட்டை பீச் மரம். அதே 1931 மாதிரியில் முதலில் வந்தவற்றுக்கோ வால்நட் மரம். அப்படி ஒன்று எதிர்மலைப் பண்ணையில் விலைக்கு வந்தது. கஸ்பாருக்குச் சோறு தண்ணி இறங்கவில்லை.

ஒன்றை மாட்டி ஒன்றை எடுத்தால் ஏழு ஏழுதானே! வால்நட் சுவரேறியது. பீச் நிலவறையில் சீஸ் வட்டங்களுக்குப் பின்னால் பதுங்கியது. பெண்களுக்கு எல்லாத் துப்பாக்கியும் ஒன்றுதான் என்பது அவர் நம்பிக்கை.

மறுநாளே லீஸ்பெத் தூசி துடைக்க வந்தாள்.

"ஏங்க, இது கறுத்துப்போச்சே?"

"எண்ணெய் போட்டேன்."

"அடிக்கட்டை சிப்பாய் பூட்ஸ் மிதிச்சு எலி கடிச்ச மாதிரி இருக்குமே. இப்ப வழவழன்னு இருக்கு?"

"நல்ல எண்ணெய், லீஸ்பெத்."

"எனக்கும் கொஞ்சம் குடுங்க. மூஞ்சியில தேச்சுக்கறேன்."

தப்பித்தோம் என்று கஸ்பார் பெருமூச்சு விட்டார்.

ஞாயிறு அவள் தேவாலயம் போனதும் கதவைச் சாத்திவிட்டு வால்நட்டைச் சுவரிலிருந்து இறக்கினார். அடிக்கட்டையின் இரும்புத் தகட்டுக்குள் அந்தக் காலச் சிப்பாய்கள் தங்கள் பெயர், படை, ஊர் எழுதிய சீட்டை வைப்பார்கள். அதைப் பிரித்துப் படிப்பதுதான் சேகரிப்பவனுக்குத் தீபாவளி. இரண்டு திருகாணிகளையும் கழற்றினார். சீட்டு இருந்தது!

"வீரர்: லீஸ்பெத் எக்லி. படை: சமையலறை. நிலவறையில் ஒளிந்திருந்தவன் பிடிபட்டான். செவ்வாய் முதல் ஒத்திகை இங்கே. பழைய சீட்டு என் பாட்டு நோட்டில். பதினான்கு பேருக்கும் காபி கொடுத்துவிட்டுக் கேட்கவும்."

கஸ்பாருக்குக் கோபம்தான் வந்திருக்க வேண்டும். வரவில்லை. திருகாணித் தலைகளைப் பார்த்தார். ஒரு கீறல் இல்லை. முப்பது வருஷமாகக் கழற்றி மாட்டும் அவர் கைக்கே அது வாய்த்ததில்லை. "அடேயப்பா, என்ன கை!" என்று வாய்விட்டே சொன்னார்.

செவ்வாய்க்கிழமை. பதினான்கு தொண்டைகளும் கூரையைத் தூக்கி இறக்கின. கடைசிக் கோப்பையையும் கொடுத்துவிட்டுக் கஸ்பார் மனைவி காதருகே குனிந்தார்.

"அந்தச் சிப்பாய் பேரு..."

"இன்னிக்கு முதல் எழுத்து சொல்றேன். அடுத்த செவ்வாய் ரெண்டாவது எழுத்து."

"எத்தனை எழுத்தும்மா?"

"நல்ல நீளமான பேருங்க."