செக்கரிடம் மாட்டிக்கொண்ட செயற்கை நுண்ணறிவு

எங்கள் ஊரான யோங் பெங்கில் பிறந்து வளர்ந்தவர்களில், செக்கர் முன்னால் ஒரு முறையாவது திருதிருவென்று முழிக்காதவர் ஒருவரும் கிடையாது. மனிதர்கள் தீர்ந்துபோனதால் இப்போது அவர் செயற்கை நுண்ணறிவை நிற்க வைத்துக் கேள்வி கேட்டுக்கொண்டிருக்கிறார்.

அடையாள அட்டையில் அவருக்கு ஒரு பெயர் இருக்கிறது. எங்கள் தாமான் குடியிருப்பில் யாருக்கும் அது தேவைப்பட்டதில்லை. பத்து பஹாட்டுக்கும் குளுவாங்குக்கும் நடுவே ஓடிய பஸ்களில் முப்பது வருஷம் டிக்கெட் பரிசோதகராக இருந்தவர். பாதி வழியில் ஏறுவார். "எங்க ஏறின?" என்பார். அந்தக் குரலில், கையில் டிக்கெட் வைத்திருப்பவருக்கே தான் எங்கே ஏறினோம் என்பது மறந்துவிடும். ஒருமுறை டிரைவரையே கேட்டாராம். ஓய்வு பெற்றும் பழக்கம் விடவில்லை. கல்யாண வீட்டில் சாம்பார் வாளியோடு வந்தவரை மறித்து, "இது எத்தன மணிக்கு வச்சது?" என்று விசாரித்து, பதில் திருப்தியான பிறகுதான் இலையில் ஊற்றவிட்டார்.

நான் பக்கத்து வீடு. வீட்டிலிருந்தே கணினி வேலை பார்ப்பவள். புதிதாக ஒரு செயலி வந்தால் அன்றைக்கே இறக்கிப் பார்க்காவிட்டால் எனக்குச் சோறு இறங்காது. அந்த வேகத்தில் அவர் போனிலும் செயற்கை நுண்ணறிவுச் செயலி ஒன்றைப் போட்டுக் கொடுத்தேன்.

"அங்கிள், இதுக்குத் தெரியாததுன்னு ஒண்ணுமே இல்ல."

"அப்படியா? அந்தக் காலத்துல இங்கேர்ந்து மெர்சிங்குக்கு பஸ் எப்படிப் போச்சுன்னு கேளு."

கேட்டேன். பதிலைக் கொட்டியது. பஸ் யோங் பெங் கடற்கரையில் புறப்பட்டு, அலைகளை ஒட்டியே போகுமாம்.

செக்கரின் முகத்தில் வருஷக்கணக்கான பசி தீர்ந்த மலர்ச்சி. "யோங் பெங்ல ஏது லா கடல்? நேத்து வந்துச்சா?"

செயலி தவற்றுக்குப் பணிவோடு வருந்தியது. வருந்திய கையோடு அதே பஸ்ஸை குனோங் லேடாங் மலை உச்சியில் ஏற்றியது.

"பாத்தியாம்மா, என்ன மரியாத, என்ன மரியாத! இஸ்திரி போட்ட சட்ட, வகிடு எடுத்த தல, 'வணக்கம் சார்'ம்பான். அவன்தான் டிக்கெட் எடுத்திருக்க மாட்டான்."

எனக்கு அவமானமாகிவிட்டது. "அப்ப அழிச்சிடவா, அங்கிள்?"

"எதுக்கு அழிக்கணும்? டிக்கெட் இல்லாதவனுக்குப் பயந்துகிட்டு செக்கரா பஸ்ஸ விட்டு இறங்குவான்?"

அன்றிலிருந்து தினமும் பரிசோதனைதான். அது எதைச் சொன்னாலும், "எங்க ஏறின?" என்று தட்டச்சு செய்வார். எங்கிருந்து எடுத்தாய் என்று அர்த்தம். பதிலை ஒரு தாளில் எழுதிக்கொண்டு, அந்த விஷயம் தெரிந்த மனிதரிடம் நேரில் காட்டுவார். அவர் சரி என்றால்தான், சட்டைப்பையிலிருந்து, டிக்கெட்டில் துளை போடும் பழைய பஞ்ச் கருவியை எடுத்து 'டக்'கென்று தாளில் ஒரு ஓட்டை. ஓட்டை விழாத தாள் செல்லாது. பாகற்காய்ச் சாறு குடித்தால் சர்க்கரை மாத்திரையைக் குறைக்கலாம் என்று அது சொன்னதை கிளினிக்குக்கு எடுத்துப் போனார். அங்கிருந்த நர்ஸ் மிஸ்ஸி தாளைப் படித்துவிட்டுப் பதறினார்.

"அலமாக்! எந்த டாக்டர் அங்கிள் இப்படிச் சொன்னாரு?"

"டாக்டர் இல்லம்மா. ஓசிப் பயணி ஒருத்தன்."

அந்தத் தாளுக்கு ஓட்டை கிடைக்கவில்லை. மாத்திரை அப்படியே தொடர்ந்தது.

செயலியிடம் தன்னைப் பற்றி ஒரு வார்த்தை சொல்ல மாட்டார். பெயர் என்ன என்று அது கேட்டதற்கு, "பயணி செக்கர்கிட்ட பேர் கேக்கறதா?" என்று அரைமணி நேரம் பொருமினார். தன் சர்க்கரை வியாதியையே 'எழுபத்தொரு வயதுக் கூட்டாளி ஒருவருக்கு' என்று ஒப்படைத்துவிட்டார். அதுவும் மறக்காமல் ஒவ்வொரு முறையும், "உங்கள் நண்பர் நலமா?" என்று விசாரிக்கும். "என்னைய ஒரு நாளாவது கேக்குதா பாரேன்" என்று அந்த நண்பர் மேல் அவருக்குக் கொஞ்சம் பொறாமைகூட உண்டு.

இதெல்லாம் அவர் மகள் விமலாவுக்குப் பிடிக்கவில்லை. விமலா அக்கா சிங்கப்பூரில் மின்னணுத் தொழிற்சாலையில் வேலை பார்க்கிறார், ஞாயிறுதோறும் வருவார். பிள்ளைகளின் குரலைப் போலியாகச் செய்து பெற்றோரை ஏமாற்றும் கதைகளை அங்கே கேட்டுக் கேட்டு நடுங்கிப்போயிருந்தார். ஒரு ஞாயிறு, பட்டன் போன் ஒன்றை வாங்கி வந்து மேசையில் வைத்தார்.

"அப்பா, பேச மட்டும் இது போதும். அத என்கிட்ட குடுங்க."

"முடியாது."

"வயசானவங்களத்தான்பா குறி வைக்கிறாங்க!"

"குறி வைக்கட்டும். முப்பது வருஷம் ஒருத்தன்கிட்டயும் ஏமாறல. கண்ணாடி போட்டதும் மூள கெட்டுப்போயிடுச்சா?"

கடைசியில் ஒரு ஒப்பந்தம்: அவர் ஒரே ஒரு முறை ஏமாந்தாலும் ஸ்மார்ட்போன் பறிமுதல். நான் சாட்சி. பட்டன் போன் அதுவரை அலமாரி மேல் காத்திருக்கும்.

மூன்றாம் வாரம், ஒரு செவ்வாய்க்கிழமை பகல் பன்னிரண்டரைக்கு அது நடந்தது. அவர் வீட்டு இணையம் மக்கர் செய்கிறது என்று என்னைக் கூப்பிட்டிருந்தார். தெரியாத எண்ணிலிருந்து அழைப்பு. ஸ்பீக்கரில் போட்டார்.

"அப்பா!" விமலா அக்காவேதான். அதே மூக்கடைத்த குரல், அதே அழுகை. "போன் உடைஞ்சிடுச்சுப்பா. இங்க என்னைப் புடிச்சு வச்சிருக்காங்க. உங்க ஐசி கார்டப் படம் எடுத்து அனுப்புங்க. இப்ப உங்களுக்கு ஆறு நம்பர் வரும், அதச் சொல்லுங்க. சீக்கிரம்பா!"

"அங்கிள், அக்காதான்!" என்று சொல்லியே விட்டேன். அவர் கையைக் காட்டி என்னை அடக்கினார்.

"எங்க ஏறின?"

"என்னப்பா கேக்கறீங்க? அழுதுகிட்டு இருக்கேன்!"

பள்ளிக்கூட நாட்களில் மகளையும் பஸ்ஸில் எல்லோர் முன்னாலும் இப்படித்தான் கேட்பாராம். 'பத்தாங்கட்டை' என்று அந்தப் பத்தாவது மைல் நிறுத்தத்தைச் சொன்னால்தான் உட்காரலாம். இத்தனை வருஷம் கழித்து, அது அவர்கள் இருவருக்கு மட்டுமே ஞாபகமிருக்கும் பதில்.

"எங்க ஏறின?" இரண்டாம் முறையும் கேட்டார். அழுகை மட்டும்தான் வந்தது. அழைப்பைத் துண்டித்துவிட்டு, மகளின் சொந்த எண்ணுக்கு அடித்தார். எடுக்கவில்லை. வேலை நேரத்தில் அவர்கள் போனை லாக்கரில் பூட்டிவிட வேண்டும். அது எங்களுக்குத் தெரியும். தெரிந்து என்ன செய்வது? மறுபடி அடித்தார். மறுபடியும்.

செயலியைத் திறந்து, "சற்றுமுன் பேசியது என் மகளா?" என்று கேட்டார். தன்னால் உறுதி சொல்ல இயலாது, மகளையே நேரடியாகத் தொடர்புகொள்ளுங்கள் என்றது.

"இன்னைக்குத்தான் டிக்கெட்டோட வந்திருக்கான்" என்றார். சிரிக்கவில்லை. மகளின் எண்ணை இன்னொரு முறை அழுத்தினார். "அவளாவே இருந்துட்டா, ம்மா? அழற புள்ளைக்குப் பதில் எப்படி ஞாபகம் வரும்?"

நாற்பது நிமிஷம். என் வாழ்நாளில் அத்தனை நீளமான மத்தியானத்தைப் பார்த்ததில்லை.

ஒன்று பத்துக்கு அழைப்பு. "என்னப்பா, பதினேழு மிஸ்டு கால்? இப்பத்தான் பிரேக் விட்டாங்க!"

"எங்க ஏறின?"

"ஐயோ! பத்தாங்கட்ட! என்னாச்சுப்பா உங்களுக்கு?"

"ஒண்ணுமில்ல. சாப்பிட்டியா?"

ஞாயிற்றுக்கிழமை நான்தான் நடந்ததைப் போட்டு உடைத்தேன். விமலா அக்கா வாயில் கை வைத்துக்கொண்டார். "என் குரல் அவங்களுக்கு எப்படிக் கிடைச்சது?" நான் தயங்கித் தயங்கி, ஊரே பார்க்கும்படி அக்கா போட்டிருக்கும் சமையல் வீடியோக்களைக் காட்டினேன். அங்கிருந்துதான் எடுத்திருப்பார்கள் என்று சத்தியம் செய்ய முடியாது. ஆனால் நாற்பத்தைந்து வீடியோ. எல்லாவற்றிலும் அதே மூக்கடைத்த குரல்.

செக்கர் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். "இப்ப சொல்லு, யார் போனப் புடுங்கலாம்?"

அக்கா தன் போனை எடுத்தார். அங்கேயே உட்கார்ந்து வீடியோக்களை ஒவ்வொன்றாகத் தெரிந்தவர்கள் மட்டும் பார்க்கும்படி மாற்றினார். பிறகு எழுந்து போய், அலமாரி மேலிருந்த பட்டன் போனை எடுத்துத் தன் பையிலேயே போட்டுக்கொண்டார்.

இப்போதெல்லாம் வேலை நாட்களில் பிரேக் விட்டதும் அக்காவே கூப்பிடுகிறார். 'பத்தாங்கட்டை' என்ற பதில் வந்ததும் செக்கர் மேலே ஏதாவது கேட்பாரென்று பார்த்தால், 'ம்' கொட்டிக்கொண்டு மகள் பேசுவதையே கேட்டுக்கொண்டிருக்கிறார். அந்த முகத்தைப் பார்ப்பதற்காகவே, சர்க்கரை இல்லை, உப்பு இல்லை என்று ஏதாவது பொய் சொல்லிக்கொண்டு, மதியம் ஒன்று பத்துக்கு நான் அந்த வீட்டில் போய் நின்றுவிடுகிறேன்.