மச்சான் முகம் வந்தால் நிற்கும் லேப்டாப்

திண்டிவனம்,
ஆவணி 3.

மரியாதைக்குரிய மச்சான் திரு. பச்சமுத்து அவர்களின் சமூகத்துக்கு, உங்கள் தங்கை ருக்குவின் வீட்டுக்காரன் வேங்கடேசன் வணக்கத்தோடு எழுதுவது. இங்கே நான், ருக்கு, கல்யாணப் பெண் காயத்ரி மூவரும் நலம். லேப்டாப் மட்டும் நலமில்லை. விழுப்புரத்தில் நீங்களும் சின்னபொண்ணு அக்காவும், முகையூர்க் கொல்லையில் உங்கள் மல்லாட்டைப் பயிரும் நலமாக இருக்கும் என்று நம்புகிறேன்.

இந்தக் காலத்தில் யாரடா கடிதம் போடுகிறான் என்று உறையைத் திருப்பித் திருப்பிப் பார்த்திருப்பீர்கள். நான் என்ன செய்வது? போன் செய்தால் ஒரு மணி அடிப்பதற்குள் அமுக்கிவிடுகிறீர்கள். குடும்ப வாட்ஸ்அப் குழுவிலிருந்து நிச்சயதார்த்தத்தன்றே வெளியேறிவிட்டீர்கள். ருக்கு கூப்பிட்டால் எடுக்கிறீர்கள், ஆனால் "உன் வூட்டுக்காரரு பக்கத்துல இருக்காரா?" என்று கேட்டு, இருக்கிறார் என்றால் வைத்துவிடுகிறீர்கள். பத்திரிகை வைக்கத் தாம்பாளத்தோடு வந்தோம். கதவு பூட்டியிருந்தது, உள்ளே டிவியில் செய்தி ஓடிக்கொண்டிருந்தது. தபால்காரரோடு மட்டும் உங்களுக்கு இன்னும் சண்டை இல்லை என்று கேள்விப்பட்டதால் அவரைப் பிடித்திருக்கிறேன். ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உங்களைக் கல்யாணத்துக்குக் கெஞ்சி அழைப்பதற்காக இதை எழுதவில்லை. இது முழுக்க முழுக்க லேப்டாப் சம்பந்தப்பட்ட கடிதம்.

காயத்ரி காலேஜில் படித்தபோது வாங்கிய லேப்டாப் உங்களுக்குத் தெரியும். அதில்தான் அவள் பிறந்ததிலிருந்து எடுத்த படங்களையெல்லாம் ஸ்கேன் செய்து வைத்திருந்தாள். நல்லவேளை வைத்தாள், ஏனென்றால் அடுத்து வந்த புயல் மழையில் வீட்டுக்குள் தண்ணீர் புகுந்து ஆல்பம் ஊறிவிட்டது. பக்கத்தைப் பிரித்தால் உடம்பு ஒரு தாளிலும் தலை ஒரு தாளிலுமாக வருகிறது. வரவேற்பன்று மண்டபத்து எல்இடி திரையில் அந்தப் படங்களை வரிசையாக ஓடவிட வேண்டும் என்பது என் ஆசை. பஸ் டிப்போவில் நேரக்காப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவன் மகளுக்கு வேறென்ன பெரிதாகச் செய்துவிட முடியும்? போன மாதம் ஒரு நாள் ருக்குவையும் காயத்ரியையும் உட்காரவைத்து ஓட்டிக் காட்டினேன். தொட்டில் வந்தது, குப்புற விழுந்தது வந்தது, மயிலம் கோயிலில் மொட்டை போட்டது வந்தது, எல்லாம் குறித்த நேரத்துக்கு வந்தது. அடுத்து காதுகுத்துப் படம். உங்கள் முகம் வரைக்கும் வந்தது, அதற்குக் கீழே உங்கள் மடியும் அதில் இருந்த காயத்ரியும் வெறும் சாம்பல் நிறம். அவ்வளவுதான், மெஷின் நின்றுவிட்டது. அம்புக்குறி நகரவில்லை, எந்தப் பொத்தானை அமுக்கினாலும் கேட்கவில்லை, உள்ளே யாரோ விரலால் தட்டுவதுபோல டொக் டொக் என்று சத்தம். அணைத்துப் போட்டேன். மறுபடியும் தொட்டில், மொட்டை, நீங்கள், டொக் டொக். எத்தனை தடவை போட்டாலும் உங்கள் முகம் வந்ததும் நிற்கிறது மச்சான், கொஞ்சம்கூட மாற்றமில்லை. எங்கள் டிப்போவில் ஒரு பஸ்கூட இவ்வளவு கரெக்டாக ஒரே இடத்தில் நின்றதில்லை.

இதைப் பக்கத்து வீட்டு ராஜாமணியிடம் சொன்னது என் தப்பு. அவர் யூடியூப் பார்த்தே ஊருக்கெல்லாம் வைத்தியம் சொல்பவர். "ஹார்ட் டிஸ்க்கு சூடாயிருக்குங்க, பாலித்தீன் கவர்ல சுத்தி ஃப்ரிட்ஜில வைங்க, ஜல்தியா சரியாயிடும்" என்றார். வைத்தேன். ருக்கு மாவை எடுக்க ஃப்ரிட்ஜைத் திறந்தவள், அங்கிருந்தே போட்ட சத்தத்தில் தெருவில் போன பால்காரர் வண்டியை நிறுத்திவிட்டார். "இன்னாங்க இது, கம்ப்யூட்டர ஃப்ரிட்ஜில வெச்சிக்கினு, மாவ நான் பீரோவுல வைக்கறதா?" நியாயமான கேள்விதான். எடுத்துத் துடைத்து ஓட்டினேன். தொட்டில் குளிர்ந்து வந்தது, மொட்டை குளிர்ந்து வந்தது, நீங்கள் மட்டும் சூடாகவே நின்றீர்கள்.

பிறகு கடைத்தெருவில் கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை வைத்திருக்கும் பிரேம்குமாரிடம் கொண்டுபோனேன். அவன் எதையோ மாட்டி, எதையோ ஓடவிட்டு, டாக்டர் மாதிரி உதட்டைப் பிதுக்கினான். "ஹார்ட் டிஸ்க்குல ஒரு எடம் மட்டும் கெட்டுப் போச்சு சார். உங்க மச்சான் படம் கரெக்டா அந்த எடத்துல ஒக்காந்துகினு இருக்கு. பாதிக்கு மேல படிக்க வரமாட்டேங்குது, அதான் ஹேங் ஆவுது" என்றான். மற்ற படங்களை ஒரு பென்டிரைவில் பத்திரமாக ஏற்றிக் கொடுத்துவிட்டு, "பேஜார் எதுக்கு சார், அந்த ஒரு படத்த மட்டும் தூக்கிடுங்க, மீதி சூப்பரா ஓடும்" என்று சொல்லி அனுப்பினான். அவனுக்குக் கல்யாணம் ஆகவில்லை, தாய்மாமன் படத்தைத் தூக்குவது என்றால் என்னவென்று அவனுக்கு எப்படித் தெரியும்?

வீட்டுக்கு வந்து வாயைத் திறந்தேன். ருக்கு அடுப்பை அணைத்துவிட்டுக் கூடத்துக்கு வந்தாள். "எங்கண்ணன நேர்லதான் தூக்கினீங்க, படத்துலயுமா?" என்று கேட்டுவிட்டுப் போய்விட்டாள். அன்றைக்கு ரசத்தில் உப்பு இல்லை, நானும் கேட்கவில்லை. மறுநாள் பிரேம்குமாரிடம் போய் வேறு வழி கேட்டேன். "ஏஐல போட்டு உங்க மச்சான புதுசாவே பண்ணித் தர்றேன் சார்" என்றான். பண்ணியும் கொடுத்தான். அதில் உங்களுக்கு ஒரு கையில் ஆறு விரல், தலை நிறைய முடி, பெரிய சிரிப்பு வேறு. ருக்கு பார்த்துவிட்டு "யாரு இந்த ஆளு?" என்றாள். காயத்ரி நெடுநேரம் பார்த்தாள். "இதுல மாமா சிரிக்குதுப்பா. அன்னிக்கு மாமா அழுதுகினு இருந்துச்சுன்னுதான நீ சொல்லுவ?" என்றாள். உண்மைதான். காது குத்தியது அவளுக்கு, கண்ணை இறுக மூடிக்கொண்டு அழுதது நீங்கள். ஆசாரி ஊசியைக் கையில் எடுத்ததுமே ஆரம்பித்துவிட்டீர்கள். "அந்தப் படம் இல்லன்னா எனக்கு எந்தப் படமும் வேணாம்ப்பா" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள். இந்த வீட்டில் எல்லோரும் ஒரு வாக்கியம் சொல்லிவிட்டு உள்ளே போய்விடுகிறார்கள், கூடத்தில் நானும் லேப்டாப்பும்தான் மிச்சம்.

"ஏசி ஹால்ல ஓடினாலும் ஓடும் சார்" என்று பிரேம்குமார் ஒரு பேச்சுக்குச் சொன்னதை நம்பி, ஒரு குலுக்கல் இல்லாமல் மடியிலேயே வைத்துக்கொண்டு விழுப்புரம் மண்டபத்துக்கு பஸ் ஏறினேன். மண்டபம் உங்கள் வீட்டிலிருந்து இரண்டு தெரு தள்ளித்தான் இருக்கிறது, மாடியில் நின்றால் சீரியல் செட் வெளிச்சம் உங்கள் முகத்தில் அடிக்கும். அதை ஒரு தகவலுக்காகச் சொல்கிறேன். போன நேரம், சம்பந்தி குமரேசனும் அவர் வீட்டுக்காரம்மாவும் மேடை அலங்காரம் பார்க்க வந்திருந்தார்கள். சரி, பெருமையாகக் காட்டலாம் என்று ஓடவிட்டேன். தொட்டில், மொட்டை, பிறகு நீங்கள். நின்றுவிட்டது. திரை முழுக்க, வாசல் கதவு உயரத்துக்கு, கண்ணை மூடிக்கொண்டு அழுகிற உங்கள் முகம். எவ்வளவு நேரம் ஆனாலும் போகவில்லை. பந்தல்காரர் தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்துவிட்டார். சம்பந்தி என் பக்கத்தில் வந்து, குரலைத் தாழ்த்தி, "இவரு... இருக்காருங்களா?" என்று கேட்டார்.

"இருக்காருங்க, ரெண்டு தெரு தள்ளித்தான் இருக்காரு. பொண்ணோட தாய்மாமன்" என்றேன்.

"அப்போ நிச்சயத்துல நாங்க பாக்கலியே?" என்றார் அந்தம்மா. "கல்யாணத்துக்காவது வருவாரில்ல? பொண்ண மேடைக்கு யாரு அழைச்சிக்கினு வருவாங்க?"

நான் லேப்டாப் ஒயரைப் பிடுங்கினேன். பேட்டரியில் ஓடிக்கொண்டிருந்ததால் நீங்கள் அப்போதும் போகவில்லை.

அந்த நிச்சயதார்த்த விஷயம் பற்றி எனக்கும் கொஞ்சம் சொல்ல இருக்கிறது. வெற்றிலை வாங்க மறந்தது வீட்டில் எல்லோரும் சேர்ந்து மறந்தது. நீங்களாகத்தான் "நான் போய் வாங்கியாறேன்" என்று வண்டியை எடுத்தீர்கள். நல்ல நேரம் முடியப் போகிறது, ராகுகாலம் வாசலில் நிற்கிறது, ராஜாமணி வீட்டில் வெற்றிலை இருக்கிறது என்றால் நான் என்ன செய்வேன்? வாழ்நாள் முழுக்க நேரம் ஆனால் விசில் கொடுத்து வண்டியை அனுப்பியவன் நான். தட்டை மாற்றிவிட்டோம். நீங்கள் ஒரு கட்டு வெற்றிலையோடு வாசலில் வந்து நின்றபோது உள்ளே பாயசம் போய்க்கொண்டிருந்தது என்பது உண்மை. இலையில் உட்காருங்கள் என்று நான் கைகாட்டியதும் உண்மை, வாயில் வடை இருந்ததால் வார்த்தையாகச் சொல்ல முடியவில்லை. வெற்றிலையைத் தொப்பென்று படியில் வைத்துவிட்டுப் போய்விட்டீர்கள். அந்த வெற்றிலையைத்தான் ருக்கு ஈரத்துணி போட்டு, வாடி உதிரும் வரைக்கும் வைத்திருந்தாள்.

போகட்டும். என் வேண்டுகோள் சின்னது. அந்தக் காதுகுத்துப் படத்தின் இன்னொரு பிரதி கண்ணாடி போட்டு உங்கள் கூடத்தில், கடிகாரத்துக்குக் கீழே மாட்டியிருக்கிறது. அதை ஒரு போட்டோ எடுத்து ருக்கு நம்பருக்கு அனுப்பினால் போதும். என் நம்பருக்கு அனுப்ப வேண்டாம், என்னோடு பேச வேண்டாம், எங்கும் வரவும் வேண்டாம். படம் ஒன்று வந்தால் எனக்குப் போதும். மீண்டும் சொல்கிறேன், நான் உங்களை அழைக்கவில்லை.

சின்னபொண்ணு அக்காவுக்கு என் வணக்கம். உங்கள் கொல்லைக்கு நல்ல மழையும், உங்கள் முழங்காலுக்கு நல்ல வெயிலும் கிடைக்கட்டும். காயத்ரி உங்கள் இருவர் காலிலும் விழுந்து கும்பிட்டதாக எழுதச் சொன்னாள்.

இப்படிக்கு,
நேரம் தவறாத
வேங்கடேசன்

பின்குறிப்பு: உறையை ஒட்டப் போகும் நேரத்தில் பிரேம்குமார், மண்டபத்திலிருந்து வந்ததும் அவனிடமே விட்டிருந்த லேப்டாப்போடு ஓடிவந்தான். ராத்திரி முழுக்க ஏதோ ஒன்றைப் போட்டுவிட்டுத் தூங்கிவிட்டானாம், காலையில் பார்த்தால் கெட்டுப்போன இடத்திலிருந்து உங்கள் படம் கொஞ்சம் கொஞ்சமாக முழுசாக வந்து உட்கார்ந்திருக்கிறதாம். புது டிஸ்க்கில் ஓட்டிப் பார்த்துவிட்டோம், எங்கும் நிற்கவில்லை. உங்கள் கன்னத்துக் கண்ணீர்வரைக்கும் தெளிவாக இருக்கிறது. ருக்குவும் காயத்ரியும் அதைப் பார்த்துவிட்டு உங்களைப் போலவே அழுதுகொண்டிருக்கிறார்கள். ஆகவே மேலே எழுதியதில் ஒன்றும் தேவையில்லை, போட்டோ அனுப்ப வேண்டாம். கிழித்துப் போட்டிருப்பேன், ஸ்டாம்ப் ஒட்டிவிட்டேன். இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன்: பெண் மேடைக்கு வரும் நேரத்தில் அவள் கையைப் பிடிக்க ஆள் இல்லை என்றால், திரையில் உங்கள் முகத்தை நானே நிறுத்திவைப்பேன், அதற்கு ஹார்ட் டிஸ்க் கெட வேண்டியதில்லை. சம்பந்தி மறுபடியும் வந்து நீங்கள் இருக்கிறீர்களா என்று கேட்பார். நல்ல நேரம் முடிந்தாலும் முடியட்டும், இந்தத் தடவை நீங்கள் வராமல் நான் விசில் கொடுக்கமாட்டேன். வரும்போது வெற்றிலை நீங்களே வாங்கி வாருங்கள். படம் வந்துவிட்டது மச்சான், நீங்கள்தான் பாக்கி.