பத்துக் கட்டிலில் முப்பது பேர்

நோயைக் குணப்படுத்தியவர்கள் உலகில் ஏராளம். கட்டில் பற்றாக்குறையைக் குணப்படுத்தியவர் எங்கள் ஊர் மருத்துவமனைக் கண்காணிப்பாளர் ஒருவர்தான்.

இருந்தவை பத்துக் கட்டில்கள். நோயாளிகள் முப்பது பேர். கணினிப் பயிற்சிக்குப் போய்வந்த கண்காணிப்பாளர் உடனே கூட்டம் போட்டார்.

"கம்ப்யூட்டர்ல மெமரி கொஞ்சம்தான். ஆனா எல்லா வேலைக்கும் இடம் இருக்குன்னு காட்டுது. எப்படி? வேலையைப் பக்கம் பக்கமாப் பிரிச்சு வச்சு, ரொம்ப நேரமா யாரும் தொடாத பக்கத்தைத் தூக்கி டிஸ்க்குல போட்டுடுது. கேட்டா மறுபடி எடுத்துட்டு வருது. நமக்குக் கட்டில்தான் மெமரி. கீழ்த்தளத்துக் கிடங்குதான் டிஸ்க். நோயாளிதான் பக்கம்."

எல்லோரும் கைதட்டினார்கள். அவர் மதியம் கண்ணயரும் கட்டில் மட்டும் 'நகர்த்தவே கூடாத பக்கம்' என்று தீர்மானம் நிறைவேறியது. அன்றே வாசல் பலகை மாறியது: 'படுக்கைகள்: முப்பது.'

கால் முறிந்த என் அப்பாவை மாவுக்கட்டுப் போடச் சேர்த்தது அந்தப் பொன்னாளில்தான். மதியம் சாப்பாட்டோடு போனேன். கட்டிலில் வேறு யாரோ படுத்திருந்தார்.

"அப்பா எங்க சிஸ்டர்?"

"ஒரு மணி நேரமா அவர் யாரையும் கூப்பிடலம்மா. கிடங்குக்கு அனுப்பியாச்சு."

"தூங்கிட்டு இருந்திருப்பாரு..."

"தூங்கறவருக்கு எதுக்கும்மா கட்டில்?"

அறிவியல் பட்டதாரியான நான் சாப்பாட்டோடு கிடங்குக்கு இறங்கினேன்.

கிடங்கில், பஞ்சு பறக்கும் பிய்ந்த மெத்தைகளுக்கு நடுவே அப்பா இருமிக்கொண்டிருந்தார். நோயாளிகளை ஏற்றி இறக்கும் தள்ளுவண்டிக்காரர் வழி சொன்னார்:

"அஞ்சு நிமிஷத்துக்கு ஒருதரம் 'ஐயோ'ன்னு கத்தச் சொல்லு தங்கச்சி. நகச்சுத்துக்குக் கத்தி வைக்க வந்தவரு, கத்தியே கட்டிலைப் பிடிச்சிட்டாரு."

"வலிக்காதப்ப எதுக்குக் கத்தணும்? அவங்களுக்கும் வேலை இருக்கும்ல" என்றார் அப்பா. எங்கள் குடும்பத்தில் யாருக்கும் குரல் எழும்பாது.

மற்றவர்களுக்கு எழும்பியது. கத்தியவர் மேலே போனார். மூச்சு வாங்க ஒரு கணம் நிறுத்தியவர் கீழே வந்தார். மருத்துவர் வார்டில் நின்று, "கால் முறிஞ்சவர் எங்கே?" என்பார். அப்பாவை மேலே ஏற்றிக்கொண்டு வருவதற்குள் மருத்துவர் தேடிக்கொண்டு கிடங்குக்கு இறங்கியிருப்பார். அவர் திரும்பி ஏறுவதற்குள், சத்தம் போடாத அப்பாவை இறக்கியிருப்பார்கள். மூன்று நாளில் அப்பா நாற்பத்தொரு பயணம் போனார். பாதம் முழங்கால் பருமனுக்கு வீங்கியிருந்தது.

தைரியத்தைத் திரட்டிக்கொண்டு கண்காணிப்பாளரிடம் போனேன்.

"சார், கம்ப்யூட்டர்லயும் இப்படி ஆகும். பக்கத்தை ஏத்தி இறக்கறதுலயே நேரம் போயிடும். வேலை நடக்காது. அப்ப மெமரியைத்தான் கூட்டணும். கட்டில் வாங்கணும் சார்."

கண்ணை மூடிக் கேட்டார்.

"படிச்ச பொண்ணுன்னா இப்படி இருக்கணும். இடம் பத்தலைன்னு நல்லாப் புரிய வச்சே." மணியை அடித்தார். "யாருப்பா அங்க? இன்னொரு கிடங்கைத் திறங்க!"

நான்காம் நாள் 'விரிவாக்க விழா'. எல்லாத் தள்ளுவண்டிகளும் ஒரே நேரத்தில் புறப்பட்டதில் லிஃப்ட் நடுவழியில் நின்றுவிட்டது. உள்ளே அப்பா, நான், மருத்துவர். வேறு எங்கும் போக வழியில்லாததால் மருத்துவர் நோயாளியைப் பார்த்தார். நான்கு நாளாகப் பையில் சுமந்த மாவுத்துணியை என் தண்ணீர் பாட்டிலில் நனைத்துக் கட்டுப் போட்டார். பிறகு அப்பாவின் இருமலைக் கேட்டு, நெஞ்சில் ஸ்டெதஸ்கோப்பை வைத்தார். முகம் மாறியது.

"கால் சரியாயிடும்மா. ஆனா நெஞ்செல்லாம் தூசியா இருக்கே! எத்தனை வருஷமா பஞ்சு மில்லுல வேலை பார்க்கிறார்?"

"மில்லுப் பக்கமே போனதில்ல டாக்டர். உங்க ஆஸ்பத்திரிக்கு வந்து நாலு நாள் ஆச்சு."