பதினான்கு பேராக இருந்த ஒரு காவலாளி

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் சுகம். என் முழங்கால் மட்டும் மாடிப்படியைக் கண்டால் முறைத்துக்கொள்கிறது. நீயும் மாப்பிள்ளையும் வேளைக்குச் சாப்பிட்டு நன்றாக இருக்க வேண்டும்.

விஷயத்துக்கு வருகிறேன். கால்நடை நோய் ஆய்வுக்கூடத்தில் குளிர் அறைக்கு நான் காவல் என்பது உனக்குத் தெரியும். அந்த அறைக் கிருமிகள் வேண்டாதவர் கைக்குப் போகாமலிருக்கப் பல நாடுகள் சேர்ந்து ஒரு திட்டம் நடத்துவதும், அது உருப்படியாக நடக்கிறதா என்று அளக்கிற ஆபீசில் நீ இருப்பதும் ஊருக்கே தெரியும், நான்தான் சொல்லிவைத்திருக்கிறேன். இத்தனை வருஷமாக அளவு என்றால் தலையெண்ணிக்கைதான். எத்தனை பேருக்குப் பயிற்சி கொடுத்தீர்கள் என்பார்கள். நானோ ஒரே பயிற்சிக்குப் பதினான்கு முறை போய், திரையில் படம் ஓடும்போது கண்ணசந்து, பிஸ்கட் வந்ததும் விழித்து, கையெழுத்துப் போட்டு, பதினான்கு பேராகப் பதிவேட்டில் இருந்தேன். எங்கள் ஆய்வுக்கூட இயக்குநர் என்னைப் பார்த்தால் ஒரு கூட்டத்தைப் பார்ப்பதுபோல் சிரிப்பார்.

போன செவ்வாய்க்கிழமை, திட்டத்தை இங்கே நீட்டிப்பதா நிறுத்துவதா என்று முடிவு செய்ய ஆள் வருகிறார்கள் என்று தரை தேய்த்து, பதிவேட்டுக்கு அட்டை போட்டு, நானும் இஸ்திரிச் சட்டையில் நின்றேனா, வெள்ளைக் கோட்டுப் போட்ட ஒரு பெண் முகத்தை மறைக்கிற பெரிய பெட்டியோடு வந்தாள். "அண்ணே, கை ஒழியலை, கதவைக் கொஞ்சம் புடிங்களேன்" என்றாள். அடையாள அட்டை கேட்கத்தான் வாயைத் திறந்தேன்; பாவம், மூச்சு வாங்குகிறதே என்று கதவையும் திறந்துவிட்டேன். அதோடு விட்டேனா, பெட்டியை நானே வாங்கிக் கிருமி அலமாரிக்குப் பக்கத்தில் இறக்கிவைத்து, தண்ணீர் வேண்டுமா என்றும் கேட்டேன். பெட்டி பஞ்சாக இருந்ததுகூட எனக்கு உறைக்கவில்லை. அவள்தான் அளக்க வந்தவள்.

இயக்குநர் முகத்தில் ஈயாடவில்லை. திட்டம் நின்றால் என் வேலையும் நின்றது. "பதினாலு பயிற்சில என்னதான் சொல்லிக் குடுத்தாங்க?" என்று அவள் கேட்டாள். இனி மறைத்து என்ன ஆகப்போகிறது?

"படம் காட்டினாங்கம்மா. கதவுகிட்ட ஒருத்தரும் கூட்டிட்டு வரலை."

அவள் வெகுநேரம் எழுதினாள். இந்தத் திட்டத்தில் தனக்குக் கிடைத்த முதல் உண்மையான அளவு இதுதான் என்று இயக்குநரிடம் சொன்னாளாம். ஓட்டை எங்கே என்று தெரிந்துவிட்டது, அடைத்துவிடலாம் என்று இப்போது திட்டம் இரண்டு வருஷம் நீட்டிப்பு. பயிற்சியெல்லாம் இனிக் கதவருகே, நின்றபடி. நேற்று அட்டையை மறந்து வந்த இயக்குநரையே வீட்டுக்குத் திருப்பி அனுப்பினேன். அவர் முணுமுணுத்துக்கொண்டே போனார், எனக்கு மனசு நிறைந்துவிட்டது.

ஆகையால் அப்பா சொல்வதைக் கேள். மேஜையில் உட்கார்ந்து தலை எண்ணாமல், அந்தப் பெண்ணைப் போல யோசிக்கக் கற்றுக்கொள்.

உங்கள் இருவருக்கும் என் ஆசி. அம்மாவின் ஆசியை அவளே போனில் சொல்வாள். அதற்கு ஒரு மணி நேரம் ஒதுக்கிவை.

இப்படிக்கு,
அப்பா

பி.கு.: கடிதத்தை ஒட்டுமுன், விடைபெற வந்த அந்தப் பெண் சோதனைத் தாளைக் காட்டினாள். 'கை நிறையச் சுமையோடு, மூச்சு வாங்கிக்கொண்டு போகவும். என் அப்பாவிடம் தவறாமல் பலிக்கும்' என்று ஓரத்தில் உன் கையெழுத்து. மேலே சொன்ன புத்திமதியை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். ஆனாலும் அந்த மூச்சு வாங்குவது கொஞ்சம் அதிகம், அம்மாடி.