ஒன்பதும் மூன்றும்

"நூத்தி எழுபத்தாறு" என்று சொல்லிக்கொண்டே சிவப்பு மையால் எண்ணை எழுதி, அதன் கீழே இரண்டு கோடும் இழுத்தார் முதலாளி.

கண்ணாடிக் கடையின் நடுவில் தொங்கும் ஆளுயரக் கண்ணாடியில்தான் எழுதினார். அதனால் வேன் டிரைவருக்கு எண்ணும் தெரிந்தது, அதற்குப் பின்னால் வெளிறிப்போன தன் முகமும் தெரிந்தது.

"இது என்னன்னு தெரியுதா?"

"தெரியல முதலாளி."

"இன்னிக்கு ஒரே நாள்ல ஸ்டியரிங்லேர்ந்து கையை எடுத்த தடவை. நீ வண்டி ஓட்டினியா, கும்மி அடிச்சியா?"

முந்தின நாள் சர்வீசுக்குப் போன வேன், ஸ்டியரிங்கில் புதுக் கறுப்பு உறையோடு திரும்பி வந்திருந்தது. உறைக்குள் ஏதோ கருவி இருக்கிறதாம். ஸ்டியரிங்கைக் கடிகாரமாக நினைத்துக்கொண்டு, ஒன்பது மணி இருக்கும் இடத்தில் இடது கையும் மூன்று மணி இருக்கும் இடத்தில் வலது கையும் வைக்க வேண்டும். கை நகர்ந்தால் அது முதலாளியின் போனுக்குக் கோள் சொல்லிவிடும்.

"கியர் மாத்தணும்னா முதலாளி?"

"சீக்கிரம் மாத்து."

"மூக்கு அரிச்சா?"

"வீட்டுக்குப் போய் சொறிஞ்சுக்கோ. வெள்ளிக்கிழமை வரைக்கும்தான் பாப்பேன். அதுக்குள்ள திருந்தலன்னா வேன் சாவியை மேஜைமேல வெச்சிட்டுப் போயிடு."

டிரைவர் இருபத்துநாலு வருஷமாகக் கண்ணாடி ஏற்றிப்போகிறார். ஒரு கீறல் விழுந்ததில்லை. ஐம்பத்திரண்டு வயதில் இந்த வேலையும் போனால் வேறு யார் சாவி கொடுப்பார்கள்? மகளுக்குப் படிப்பு முடிய இன்னும் ஒரு வருஷம் இருந்தது.

அவர் கற்றுக்கொண்ட காலத்தில் பத்தும் இரண்டும்தான் சொல்லிக்கொடுத்தார்கள். தப்பு அங்கேதான் என்று முடிவு கட்டினார். வீட்டில் சாப்பாட்டுத் தட்டை ஸ்டியரிங் மாதிரி தூக்கிப் பிடித்து, ஒன்பதிலும் மூன்றிலும் கை வைத்துப் பழகினார்.

"ஏங்க, தட்டைக் கீழ வைங்க. சோறு போடணும்" என்றாள் மனைவி.

"இரு, ஒரு திருப்பம் வருது."

செவ்வாய்க்கிழமை ஸ்டியரிங்கில் இரண்டு இடத்தில் சுண்ணாம்புப் பொட்டு வைத்து, பொட்டைவிட்டுக் கை நகராமல் ஓட்டினார். ஈ ஒன்று நெற்றியில் உட்கார்ந்து ஊரைச் சுற்றிப் பார்த்தது. அதையும் பொறுத்துக்கொண்டார். சாயங்காலம் முதலாளி போனைப் பார்த்துவிட்டுக் கண்ணாடியில் எழுதினார்: இருநூற்று மூன்று.

"சொன்னதுக்கு அப்புறம் ஏறியிருக்கு! என்கிட்டயே வம்பா?"

"சத்தியமா கையை எடுக்கல முதலாளி. கியருக்கு மட்டும்தான்..."

"அப்ப மிஷின் பொய் சொல்லுதா?"

மிஷின் பொய் சொல்கிறது என்று சொல்ல அவருக்குத் தைரியம் இல்லை. கியர்தான் காரணம் என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டார். புதன்கிழமை நாள் முழுக்க இரண்டாவது கியரிலேயே ஓட்டினார். பின்னால் இருபது வண்டி வரிசை கட்டி நின்று கத்தின. சைக்கிளில் போன பெரியவர் ஒருவர் வேனைத் தாண்டிப் போய்விட்டு, "தள்ளிவிடணுமா தம்பி?" என்று திரும்பி வந்து கேட்டார். பத்து மணிக்குப் போகவேண்டிய குளியலறைக் கண்ணாடி மூன்று மணிக்குப் போய்ச் சேர்ந்தது.

அன்றைய எண் இருநூற்று நாற்பது.

இதற்குள் விஷயம் ஊர் முழுக்கப் பரவியிருந்தது. காலையில் காரிலிருந்து இறங்கும்போதே முதலாளியின் காதில் போன் இருக்கும். சாயங்காலம் ஏறும்போதும் இருக்கும். மச்சானிடமும் வாடிக்கையாளர்களிடமும் இதே பேச்சு. "நம்ம டிரைவர் இருக்கானே, நம்பவே மாட்டீங்க, ஸ்டியரிங்கைத் தொடறதே இல்ல!"

டிரைவர் தன் கைகளையே நம்பாமல் போனார். தனக்குத் தெரியாமலே கை எங்கேயாவது போய்வருகிறதோ? டாக்டரிடம் காட்டலாமா என்றுகூட நினைத்தார்.

"டாக்டர் எதுக்கு? நான் இருக்கேன்" என்றாள் மனைவி.

பழைய பை ஒன்றின் வாரை வெட்டி இரண்டு வளையம் தைத்தாள். வியாழக்கிழமை காலை வேனில் ஏறி, அவற்றை ஸ்டியரிங்கில் ஒன்பதிலும் மூன்றிலும் முடிச்சுப் போட்டு, உள்ளே அவர் மணிக்கட்டை நுழைத்து இறுக்கினாள்.

"இப்ப எப்படி நகருதுன்னு பாப்போம். கியருக்கு மட்டும் இடது கையை உருவிக்குங்க."

நேரான ரோட்டில் எல்லாம் நன்றாகத்தான் இருந்தது. நாலு ரோடு சேரும் இடத்தில் வலப்பக்கம் திருப்பினார். ஸ்டியரிங் சுற்றியது. கையும் கூடவே சுற்றியது. இடது கை வலது கைக்கு மேலே ஏறிப் பின்னல் போட்டுக்கொண்டது. எந்தக் கையையும் உருவ முடியவில்லை. எதிரே தண்ணீர் லாரி வந்தது. கைக்கு எட்டாத ஹாரனை முகவாயால் அழுத்திக்கொண்டே பிரேக்கை மிதித்தார். பின்னால் 'டக்' என்று ஒரு சின்னச் சத்தம் கேட்டது.

அந்தச் சத்தம் என்னவென்று அவருக்குத் தெரியும். இருபத்துநாலு வருஷமாக அதைக் கேட்டுவிடக் கூடாது என்றுதான் பயந்துகொண்டிருந்தார்.

போலீஸ்காரர் ஓடிவந்து எட்டிப் பார்த்தார். "ஐயோ! யாருங்க உங்களை இப்படிக் கட்டிப்போட்டது?"

"என் சம்சாரம்ங்க."

போலீஸ்காரர் முடிச்சை அவிழ்த்துக்கொண்டே, "வீட்டுல ஏதாவது பிரச்சினைன்னா தைரியமா சொல்லுங்க" என்றார் தாழ்ந்த குரலில்.

அன்றைய எண் இருநூற்று எண்பத்தெட்டு. முதலாளி அதை விரிசல் விட்ட புதுக் கண்ணாடியிலேயே எழுதினார்.

"நாளைக்கு நானே உன் பக்கத்துல உக்காந்து வரேன். என் கார் வீட்டுலயே கிடக்கட்டும். காலையில வேனை எடுத்துட்டு வீட்டுக்கு வந்துடு."

வெள்ளிக்கிழமை காலை டிரைவர் முதலாளி வீட்டு வாசலில் நின்றபோது சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. முதலாளி ஏறி உட்கார்ந்தார். ரோட்டைப் பார்க்கவில்லை, டிரைவரின் கைகளையே பார்த்துக்கொண்டு வந்தார். ஸ்டியரிங் உறையை ஒரு தடவை தடவினார்.

"என் காருக்கும் அன்னிக்கே இதே கம்பெனி உறைதான் போடச் சொன்னேன். ஆனா அது சாதா. எனக்கெல்லாம் எதுக்கு மிஷின்?"

"ஆமாங்க முதலாளி."

டிரைவரின் விரல்கள் மரத்துப்போயின. ஒன்பது, மூன்று, ஒன்பது, மூன்று என்று வாய் முணுமுணுத்தது. வியர்வை கண்ணில் இறங்கிக் கரித்தது. பள்ளிக்கூடத்துச் சுவர் ஓரமாகத் திரும்பியபோது, எங்கிருந்தோ ஒரு நாய் குறுக்கே பாய்ந்தது.

பிரேக்கை மிதித்தார். அதே நொடியில் அவருடைய இடது கை தானாகப் பறந்து போய், முன்னால் சாய்ந்த முதலாளியின் நெஞ்சைத் தாங்கிப் பிடித்தது. நாய் பிழைத்தது. முன் கண்ணாடிக்கு நாலு விரல் முன்னால் முதலாளியின் மூக்கும் பிழைத்தது.

"கையை எடுத்துட்ட!" என்றார் முதலாளி, அந்தக் கையிலேயே தொங்கிக்கொண்டு.

டிரைவருக்கு அழுகை வந்துவிட்டது. எல்லாம் முடிந்தது என்று தெரிந்துவிட்டதால் அதற்குப் பிறகு பழக்கப்படி ஓட்டினார். கியர் மாற்றினார், வியர்வையைத் துடைத்தார், மூக்கைக்கூடச் சொறிந்துகொண்டார். ஐந்து நாளில் அன்றுதான் வேன் ஒழுங்காக ஓடியது.

சாயங்காலம் கடையில் முதலாளி போனைத் திறந்து பார்த்தார். கண்ணைக் கசக்கிக்கொண்டு மறுபடியும் பார்த்தார்.

"பூஜ்யம்! ஒரு தப்புகூட இல்ல!"

"எப்படி முதலாளி? நான் கையை எடுத்தேனே? நீங்களே பாத்தீங்களே?"

"நான் வண்டியில இருந்தேன் இல்லையா? மிஷினுக்கே ஒரு மரியாதை இருக்கு."

டிரைவரின் முகத்தில் உயிர் திரும்பி வந்தது. "அப்ப வேலை இருக்குங்களா?"

முதலாளி நாற்காலியில் சாய்ந்து யோசித்தார். யோசிக்க யோசிக்க அவர் முகம் இறுகிக்கொண்டே போனது.

"இல்ல. இப்பத்தான் எனக்குப் பயமே வருது. நான் பக்கத்துல இருந்தா பூஜ்யம், இல்லன்னா இருநூத்தி எண்பத்தெட்டு! ஆள் பாக்கும்போது மட்டும் ஒழுங்கா இருக்கறவனை ரோட்டுல விடலாமா? எத்தனை குழந்தைங்க நடந்து போற ரோடு! இப்படி ஓட்டறவன் என் அப்பாவா இருந்தாலும் சரி, நானா இருந்தாலும் சரி, சாவியைப் பிடுங்கிடணும். வை சாவியை."

டிரைவர் வேன் சாவியை எடுத்து மேஜைமேல் வைத்தார். இருபத்துநாலு வருஷமாக வைத்திருந்த சாவி, மேஜையில் ஒரு சத்தமும் போடாமல் படுத்துக்கொண்டது. மனைவியிடம் என்ன சொல்வது, மகளிடம் எப்படிச் சொல்வது என்று யோசித்தபடியே நின்றார்.

அப்போது வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு, வேனைச் சர்வீஸ் செய்த மெக்கானிக் உள்ளே வந்தார். கையில் ஒரு காலி அட்டைப்பெட்டி. தலையைச் சொறிந்துகொண்டே மேஜை அருகில் வந்து நின்றார்.

"முதலாளி, கோவிச்சுக்கக் கூடாது. இந்தப் பெட்டி நம்பரை இன்னிக்குத்தான் பாத்தேன். அன்னிக்கு சர்வீஸ்ல ரெண்டு உறையும் ஒரே மாதிரி இருந்துச்சா, மிஷின் வெச்ச உறையை உங்க கார்ல மாட்டிட்டேன். உங்க கார் சாவியைக் கொஞ்சம் குடுங்க."